சுவரில் கரிக்கோடு

சித்திரை 5, வியாழன்

காலையிலேயே வெயில். வடாம் பிழிய வேண்டும், கை வராது. போனதுக்கு முந்தின பங்குனியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தது. மாவுக்கட்டு பிரித்து எத்தனையோ மாசம். வலது கை (இனி வ.கை) தோளுக்கு மேல் எழவில்லை.

பயிற்சி: விரலால் சுவர் ஏறுதல், 100 தடவை. எட்டிய இடத்தில் நானே இ.கையால் கரிக்கோடு போடுவேன். வீட்டுக்காரர் வெள்ளைப் பட்டு நெய்கிறவர், கரியைத் தொடமாட்டார். இருபது நாளாக ஒரே கோடு.

எதிர்வீட்டு ராணி: "இன்னாக்கா, பல்லியாட்டம் செவுத்த புடிச்சிக்கினு ஏறுறே?" சிரித்தேன். அப்புறம் கோபம் வந்தது.

கருட சேவைக்கு இன்னும் 38 நாள். போன வருஷம் கோபுர வாசலில் எல்லாரும் தலைக்கு மேல் கை கூப்ப, எனக்கு ஒரு கைதான் போனது. ஒற்றைக் கையால் கும்பிடலாமா? இறக்கிக்கொண்டேன். மார்புக்கு நேரே கும்பிட்டால் போதாதா என்கிறார்கள். எனக்குப் போதாது.

சித்திரை 8, ஞாயிறு

அவர் யோசனை: "நூறு போதாது கமலா. எரநூறு போடு. ஊடை நூல் போடப் போடத்தானே பொடவ வளருது?" தறிக்காரர் கணக்கு. போட்டேன்.

சித்திரை 9

தோள் வீக்கம். சீப்பைத் தூக்க முடியவில்லை. அவர்தான் தலை வாரினார். வகிடு கோணல். சொல்லவில்லை, அவர் முகம் அப்படி வாடிக் கிடந்தது.

சித்திரை 12, வியாழன்

ஆஸ்பத்திரி. நல்ல கூட்டம். டாக்டரம்மா: "ஒரே பயிற்சியை எத்தனை மாசம் செய்வீங்க? தோள் அதுக்குப் பழகிடுச்சி. மாத்தி மாத்திச் செய்யுங்க. எண்ணிக்கையக் கூட்டாதீங்க."

வெளியே வந்ததும் அவர், "தப்பு என்னுதுதாம்மா." பன்னீர் சோடா வாங்கித் தந்தார். பாதியை அவரே குடித்துவிட்டார்.

சித்திரை 14

புதுப் பட்டியல்.
திங்., வியா. – உத்திரத்தில் கப்பி, கயிறு. இ.கை கீழே இழுக்க, வ.கை மேலே.
செவ்., வெள். – முதுகுக்குப் பின்னால் துண்டு, இரண்டு கையாலும் இழுப்பு.
புத., சனி – நனைத்த பட்டு நூல் சிட்டங்களை மூங்கில் கொடியில் காயப் போடுவது. முடிந்தால் கொடியை ஏற்றித் தருவாராம்.
ஞாயிறு ஓய்வு. (வடாம்!)

கப்பி கட்ட அவருக்கு அரை நாள் போயிற்று. தறி சும்மா கிடந்தது. கேட்டால், "கெடக்கட்டும்."

சித்திரை 27, வெள்ளி

புழுக்கம். சுவரில் சோதித்தேன். விரல் கோட்டைத் தாண்டி இரண்டு அங்குலம்! ஒரு குதி குதித்தேன்.

அப்புறம்தான் பார்த்தேன். கோட்டுக்கு மேலே ஈரத்துணியால் துடைத்த தடம். என் கோடு அங்கேதான் இருந்தது. இது வேறு கோடு, கீழே. என் கோடு கோணலாக இருக்கும். இது நூல் பிடித்த மாதிரி நேர்.

சோறு போடும்போது அவர் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தில் கரி.

"எட்டிச்சா கமலா?"

"எட்டிச்சி."

கேட்கவில்லை. இந்த மனுஷன்மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன்.

வைகாசி 4, சனி

கொடியை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றினார். சிட்டம் எட்டியது, பல்லைக் கடித்துக்கொண்டுதான். சுவரிலும் பார்த்தேன். துடைத்த தடத்துக்கு மேல் ஒரு விரற்கடை. கரியால் கோடு, கோணலாக. அவர் தறியை நிறுத்திவிட்டு வந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நெசமாவா?"

"நெசமா."

உப்பு தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

வைகாசி 12, ஞாயிறு

கருட சேவை. விடியற்காலை. கோபுர வாசலில் நெரிசல். வாசலில் பெருமாளின் குடை தெரிந்ததும் ஒரே கோவிந்தா சத்தம். இ.கை போனது. வ.கை காதுவரை வந்து நின்றுவிட்டது. வலி. கொடியில் சிட்டம் போடுகிற மாதிரி தோளைக் கொஞ்சம் திருப்பினேன். எழுந்தது. தலைக்கு மேல் இரண்டு கையும்!

பக்கத்தில் அவர். கை கூப்பவில்லை, வாசல் பக்கம் திரும்பவும் இல்லை. என் கையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறையத் தண்ணீர். கருட வாகனம் எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

வரும் வழியில் கேட்டேன், "பெருமாள நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. கண்ணு குளிரப் பாத்தேன்."

அந்தக் கோட்டுக்கு அப்புறம் இது இரண்டாவது பொய். இதையும் கேட்கவில்லை.