நெகேசாவுக்கு முதல் சல்யூட்

ஜார்ஜியா,
3 செப்டம்பர் 2023

நஃபுலாவின் அப்பாவுக்கு,

நெகேசா எழுதுவது. நான் நலம், முழங்காலைத் தவிர. நஃபுலாவின் இருமல் நின்றதா?

அதிகாரிப் பயிற்சிக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. கைபேசியை முதல் நாளே வாங்கிப் பூட்டிவிட்டார்கள் என்று தெரிந்தும் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. சாயங்காலம் தபாலைப் பிரித்துப் பெயர் கூப்பிடுகிறார்கள். பக்கத்துக் கட்டில்காரிக்கு அவள் வளர்க்கும் நாயின் பெயரில்கூடக் கடிதம் வருகிறது. இரண்டு வரி எழுதினால் உங்கள் கை தேய்ந்தா போய்விடும்?

நவம்பர் மூன்றாம் தேதி எனக்கு லெப்டினன்ட் பட்டை குத்துகிறார்கள். முதல் சல்யூட் அடிக்கும் சார்ஜென்ட்டுக்குப் புது அதிகாரி ஒரு வெள்ளி டாலர் கொடுக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. டாலரை வாங்கி வைத்துவிட்டேன். வேறு யாரையும் கேட்கப் போவதில்லை. எனக்கு ஒரு வருடம் முன்னால் பட்டாளத்தில் சேர்ந்தவர் நீங்கள். பூட்ஸ் கயிறு கட்டச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெகேசா


கில்லீன், டெக்சாஸ்,
14 செப்டம்பர்

நெகேசா,

கடிதம் வந்தது. நாள் முழுக்க வண்டிக்கு அடியில் கிடந்துவிட்டு வருகிறவனுக்குப் பேனா பிடிக்க வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. நஃபுலா நன்றாக இருக்கிறாள். நான் கிளறும் சோளமாவு உகாலி கட்டி கட்டியாக இருக்கிறதாம், பள்ளிக்கூடத்திலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறாள்.

நீ அதிகாரியாகப் போவது பட்டறையில் தெரிந்துவிட்டது. பயல்கள் விடுவதாயில்லை. "என்ன சார்ஜென்ட், இனிமே வீட்டுல விறைப்பா நின்னுகிட்டுத்தான் சாப்பிடணுமா?" என்று ஒருவன் கேட்டான். ஸ்பானரை எறிந்தேன். நல்லவேளை, யார்மேலும் படவில்லை.

ஏழு வருடமாக இந்தப் பட்டாளத்தில் மாடாக உழைத்து சார்ஜென்ட் ஆனவன் நான். கட்டினவளுக்கு சல்யூட் அடி என்கிறாய். ஊரில், புங்கோமாவில், என் அண்ணன்மார் காதுக்குப் போனால் ஊர் வாயால் சிரிக்காது. வரப் பார்க்கிறேன். வாக்குக் கொடுக்கவில்லை.

நஃபுலா வரைந்த படம் இத்துடன் இருக்கிறது. உயரமாக நிற்பது நீயாம். வயிறு தள்ளி நிற்பது நான்.

சிமியு


ஜார்ஜியா,
22 செப்டம்பர்

நஃபுலாவின் அப்பாவுக்கு,

படம் வந்தது. கட்டில் தலைமாட்டில் ஒட்டலாம் என்று திருப்பினேன். பின்பக்கம் என் பல்கலைக்கழகத்தின் முத்திரை. என் பெயர். வகை நுண்கணிதம், எண்பத்தொன்று.

உங்களுக்குக் கொஞ்சமாவது மனச்சாட்சி இருக்கிறதா?

இங்கே குடியேறும் பச்சை அட்டையோடு நாம் வந்து இறங்கியபோது பட்டாளத்துக்கு ஆள் சேர்ப்பவர் சொன்னது மறந்துவிட்டதா? "பட்டம் இருக்கு சரி. குடியுரிமை இல்லையேம்மா. அதிகாரியா சேர முடியாது. சிப்பாயா சேருங்க, அப்புறம் பாக்கலாம்." ஊரில் மேல்வகுப்புக்குக் கணக்கு நடத்தியவள் பட்டாளக் கிடங்கில் உட்கார்ந்து பூட்ஸ் எண்ணினேன். நேற்றுக் கல்லூரி முடித்து வந்த லெப்டினன்ட் தப்பாகக் கூட்டுவான். திருத்தினால் முறைப்பான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். குடியுரிமைக்குக் கை தூக்கிச் சத்தியம் செய்த அன்றைக்கே அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பத்தை ஆரம்பித்தேன்.

மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகம் ஒட்டி முத்திரை வைத்த உறையோடு, பிரிக்காமல், அப்படியே கொடுக்க வேண்டும். பிரித்தால் செல்லாது. நூறு தடவை உங்களிடம் சொன்னேன். "வரவேயில்லயே, தபால்காரர் எங்கயாவது தொலைச்சிருப்பாரு" என்று வாய் கூசாமல் சொன்னீர்கள். அந்த வயதான மனிதரிடம் நான் தெருவில் நின்று சண்டை போட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மறுபடி வாங்கிச் சேர்க்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. வயது வரம்புக்கு இரண்டு மாதம் பாக்கியிருக்கையில் இடம் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் ஆயுசுக்கும் பூட்ஸ் எண்ணியிருப்பேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் எட்டு வயதுப் பிள்ளை வெள்ளைத்தாள் தேடுகிற இழுப்பறையில் மறைத்திருக்கிறீர்கள். ஏன் செய்தீர்கள் என்று எழுதுங்கள். மழுப்பாமல் எழுதுங்கள்.

நெகேசா


கில்லீன்,
1 அக்டோபர்

நெகேசா,

நான்கு தாள் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

கெட்ட எண்ணத்தோடு பிரிக்கவில்லை. ஊரிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் நம் வீட்டில் யார் கையில் கிடைக்கிறதோ அவர் பிரிப்பதுதானே வழக்கம். கிழித்த பிறகுதான் முத்திரையைப் பார்த்தேன். பசை தடவி ஒட்டினேன், கோணலாகிவிட்டது. சாயங்காலம் நீ வந்ததும் சொல்லிவிடத்தான் இருந்தேன். சத்தியமாக.

அதற்குள் உட்கார்ந்து உன் மதிப்பெண்களைப் படித்தேன். பள்ளிக்கூடத்தைக்கூட முடிக்காதவன் நான். விசா குலுக்கலில் விழுந்ததும் உன் பெயர்தான், உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தவன்தான் நான். இந்தப் பட்டாளத்தில் ஒரு விஷயத்திலாவது உனக்கு மேலே இருந்தேன். அதுவும் போகப்போகிறது என்று வயிறு எரிந்தது. அன்று சொல்லவில்லை. மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. அப்படியே போய்விட்டது.

தப்புதான். ஆனால் கடைசியில் உனக்குத்தான் கிடைத்துவிட்டதே, இப்போது என்ன குடி முழுகிவிட்டது? லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நஃபுலாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். சல்யூட் நான்தான் அடிப்பேன். எவன் சிரித்தாலும் சிரித்துக்கொள்ளட்டும்.

உன் சிமியு


ஜார்ஜியா,
8 நவம்பர்

நஃபுலாவின் அப்பாவுக்கு,

வந்தீர்கள். விழா முடிந்து நாங்கள் புல்வெளிக்கு வந்தபோது முதல் ஆளாக நின்றீர்கள். சீருடையை நன்றாகத் தேய்த்திருந்தீர்கள்.

உங்களைத் தாண்டிப் போய் என் பயிற்சி சார்ஜென்ட் முன்னால் நின்றேன். முழங்கால் வீங்கி, ஊருக்கே போகிறேன் என்று அழுத அன்று, "போறதுன்னா போ. ஆனா நாளைக்குக் காலையில ஓடிட்டுப் போ" என்றவர் அந்த அம்மாள். முதல் சல்யூட் அவருடையது. வெள்ளி டாலரும் அவருக்குத்தான்.

அப்புறம் நீங்கள் அடித்தீர்கள். நான் பதிலுக்குக் கை தூக்கும்வரை நீங்கள் இறக்கக்கூடாது. நான் தூக்கவில்லை. வேண்டுமென்றேதான் தூக்கவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அம்மா, அப்பாவுக்குக் கை வலிக்கும்" என்று நஃபுலா சொன்னாள். அவளுக்காகத் தூக்கினேன். பிள்ளை எதிரில் அப்படிச் செய்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்களிடம் கேட்கப் போவதில்லை.

கிளம்பும்போது ஒரு படிவத்தை என் கையில் திணித்தீர்கள். கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே முகாமில் வேலை கேட்கிற படிவம். உங்கள் கையெழுத்தைப் போட்டே கொண்டுவந்திருந்தீர்கள். ஐந்து நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் பொறாமைப்பட்டதை மன்னித்துவிடுவேன். எனக்கும் பொறாமை உண்டு. உறையைப் பிரித்ததையும் மன்னித்துவிடுவேன், யாருக்கும் கை தவறும். ஆனால் அத்தனை மாதமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நான் வெறுங்கையோடு திரும்பி வருவேன். நீங்கள் டீ போட்டுக் கொடுத்து, என் முதுகைத் தடவி, "நாளைக்கு வந்துரும் பாரு" என்பீர்கள். அந்தக் கை என்மேல் பட்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு எரிகிறது.

எனக்கு வாஷிங்டன் மாநிலத்துக்கு உத்தரவு வந்திருக்கிறது. அங்கே மழையும் குளிரும் அதிகம் என்கிறார்கள். நஃபுலாவின் குளிர் உடுப்புகளைத் தனிப் பெட்டியில் கட்டி வையுங்கள். டிசம்பர் பத்தாம் தேதி வந்து அவளை அழைத்துக்கொள்கிறேன்.

படிவத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நான் கையெழுத்துப் போடவில்லை.

நெகேசா