அந்தக் காளையின் குளம்பு

ஜூலை 7, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இருபத்திரண்டு வருடம்.

சனிக்கிழமை எங்கள் வகுப்பில் பேச வருவது சௌரிராஜனாம். பெரிய ஓவியராம். நாற்பத்தொன்பது வயதில் வங்கி வேலையை விட்டுவிட்டு, நாகமலை புதுக்கோட்டையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து புத்தகப் படம் வரையக் கற்கும் நான், அவன் பேச்சுக்குக் கைதட்ட வேண்டும்.

அப்போது ஒரே அறையில் தங்கி இருவரும் சேர்ந்து செய்த சிறுவர் புத்தகம். அட்டையில் பாயும் காளை நான் வரைந்தது. அச்சில் வந்தது அவன் பெயர் மட்டும். அந்தக் காளைதான் அவனை ஆளாக்கியது.

எல்லோர் முன்னாலும் கேட்கப்போகிறேன், அதை வரைந்தது யார் என்று. முகநூலில் போடவும் நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

கூட்டு ஓவியம். பத்தடித் தாள், ஐந்து பேர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறி, முன்னவர் விட்டதிலிருந்து தொடர வேண்டும். எனக்குப் பிடிக்காத விளையாட்டு. வாடிவாசலும் காளையும் போட்டேன். அடுத்து என் இடத்துக்கு வந்தவள் பாண்டீஸ்வரி. அலங்காநல்லூர்க்காரி, என் வயதில் பாதி.

"அண்ணே, மாடு சும்மா பாயுது. காலு ஏன் புல்லுக்குள்ள கெடக்கு?"

"அது அப்படித்தான்."

"குளம்பு வரலைன்னா சொல்லுங்கண்ணே. வாடிவாசல்ல ஏது இம்புட்டுப் புல்லு?"

ரப்பரால் புல்லை அழித்து நான்கு குளம்பு போட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காளை அப்போதுதான் ஓடத் தொடங்கியது. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 10

பழைய நோட்டுகளைப் புரட்டினேன். என் மாடுகள் புல்லில், சேற்றில், புழுதியில். ஒன்றுக்கும் குளம்பு இல்லை. அட்டைப்படக் காளைக்கு? அந்தப் புத்தகத்தைத்தான் அன்றே கிழித்துப் போட்டேனே.

ஜூலை 12, சனி

சௌரிராஜன் பேச்சின் நடுவே திரையில் அந்தக் காளை வந்தது. கால்கள் அந்தரத்தில். நான்கு குளம்பும் கச்சிதம்.

என் கை இல்லை அது. அன்று குளம்பு வரவில்லை என்று தாளை அவனிடம் தள்ளிவிட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது கால்கள் இருந்தன. எப்படி மறந்தேன்? மறந்தேனா — மறைத்துக்கொண்டேனா?

அதற்குள், கேள்வி கேட்க முன்பே தூக்கியிருந்த கைக்கு மைக் வந்துவிட்டது. எழுந்தேன்.

"அந்தக் குளம்பைப் போட்டது யாரு?"

சௌரிராஜன் கண்ணைச் சுருக்கினான். "கைலாசமா? நீயாடா?" பிறகு மைக்கிலேயே சொன்னான். "மாடு பூரா இவன் போட்டதுங்க. குளம்பு மட்டுந்தான் நான். பேரு என்னோடது மட்டும் வந்துருச்சு."

பக்கத்திலிருந்து பாண்டீஸ்வரி மெதுவாக, "அப்பயுமா வரலண்ணே?"

சிரித்துவிட்டேன்.

என் பெயரை விட்டது தப்புதான். அதில் மாற்றமில்லை. ஆனால் முழுக் காளையையும் இனி நான் சுமக்க வேண்டியதில்லை.

ஜூலை 13

எட்டு மணிவரை தூங்கினேன்.

ஜூலை 16, புதன்

கூட்டு ஓவியம் முடிந்தது. கடைசி முறை என்னுடையது, அதனால் வகுப்பின் பக்கத்தில் அதைப் பதிவிடுவதும் என் வேலை. எழுதி வைத்திருந்த நான்கு பக்கத்தை முதலில் அழித்தேன்.

படத்தின் கீழே பெயர்களை எழுதப் பார்த்தேன். உடம்பு நான், குளம்பு பாண்டீஸ்வரி, கழுத்திலுள்ள மணி எங்கள் ஐவரில் ஒருவனான சூரியபிரகாஷ். என் திமிலை யாரோ திருத்தியிருக்கிறார்கள். கேட்டால் யாருக்கும் நினைவில்லை. திருத்தியது நன்றாகத்தான் இருக்கிறது.

"எல்லார் பேரும் போடுங்க, இல்லாட்டி ஒருத்தர் பேரும் வேணாம்ணே" என்றாள் பாண்டீஸ்வரி.

வலது ஓரத்தில் அழிபடாத புல் கொஞ்சம் இருக்கிறது. அது என்னுடையது, சந்தேகமே இல்லை.

பெயர் இல்லாமலே போடுகிறேன்.