முப்பத்தோரு நாள் வராத பிள்ளை

சோழவந்தான்,
24-7-1984

அன்புள்ள மச்சானுக்குப் பாண்டியம்மாள் எழுதுவது. நானும் பிள்ளையும் உடம்புக்கு நன்றாகவே இருக்கிறோம். உங்களுக்கு மிலிட்டரிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, இருமல் விட்டதா என்று எழுதுங்கள்.

வெற்றிலைக் கொடிக்காலுக்குக் காளை அண்ணன் வந்து தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் போகிறார். பாய்ச்சுவது ஒரு பங்கு, பேச்சு மூன்று பங்கு. இதையே எழுதிக்கொண்டிருந்தால் விஷயத்துக்கு வரமாட்டேன்.

நம் தங்கப்பொண்ணு பெயரைப் பள்ளிக்கூடத்தில் அடித்துவிட்டார்கள். முப்பத்தோரு நாளாக அவள் வரவேயில்லையாம்.

தினமும் தலை பின்னி, சிலேட்டைக் கையில் கொடுத்து, வகுப்பு வாசல் வரை நான்தானே கொண்டுபோய் விடுகிறேன்? சாயங்காலம் நான்தானே கூட்டி வருகிறேன்? மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் புத்தகம் கொடுத்தாயிற்று, இவள் மட்டும் வெறுங்கையோடு வருகிறாளே என்று கேட்கப் போனேன். பெரிய வாத்தியார் வருகைப் பதிவேட்டை விரித்துக் காட்டினார். அத்தனை கட்டத்திலும் வரவில்லை என்ற குறி. பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.

ஒன்றாம் வகுப்பில் எழுபது பிள்ளைகள். கருத்தக்கண்ணன் வாத்தியார் குனிந்த தலை நிமிராமல் பெயர் வாசிப்பார். "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்தால் வந்த கணக்கு, வராவிட்டால் வராத கணக்கு. இவளுக்கு அவர் கூப்பிடுவது எங்கே கேட்கும்? மூன்றாவது வரிசையில் இருந்துகொண்டு, மற்றதுகள் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்கார்ந்திருக்கிறாள். யாரோ ஒரு பிள்ளை தன் தங்கச்சியைத் துணைக்குக் கூட்டி வந்து உட்கார வைத்திருக்கிறது என்று நினைத்தாராம். நம் பிள்ளை வேறு பொடிசு.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சேர்க்கிற அன்று தலைக்கு மேல் கையைப் போட்டுக் காதைத் தொடச் சொன்னார்கள். வீட்டில் பழக்கியிருந்ததால் என் கையைப் பார்த்துத் தொட்டுவிட்டாள். பெயரைக் கேட்டபோது, வெட்கப்படுகிறாள் என்று நான் முந்திக்கொண்டேன். சொன்னால் சேர்க்கமாட்டார்கள், போகப் போகப் பேச்சு வந்துவிடும் என்று நீங்கள் கிளம்பும்போது சொன்னதை நம்பினேன். நம்பினேன் என்பதும் பொய்தான். நம்ப ஆசைப்பட்டேன்.

நேற்று வகுப்பு வாசலில் நின்று, அந்தா இருக்கிறாள் என் மகள் என்று காட்டினேன். வாத்தியார் நம்பாமல் அவள் பெயரை உரக்கக் கூப்பிட்டார். மற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இவள் சிலேட்டில் கோடு கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குக் காது கேக்காது சார்" என்றேன். ஆறு வருஷத்தில் வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வாத்தியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரே அவளைத் தூக்கி வந்து முதல் வரிசையில் உட்கார வைத்தார். முகத்தைப் பார்க்க வைத்துப் பாடம் சொல்கிறேன் என்கிறார். பெரிய வாத்தியார்தான் பயப்படுகிறார். லீவில் வந்தபோது நீங்கள் கையெழுத்துப் போட்ட மனுவில், பிள்ளைக்குக் குறை எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களாம். அவளுக்குக் காது கேட்காது, தெரிந்தேதான் சேர்க்கிறேன் என்று தகப்பன் கைப்பட எழுதிக் கொடுத்தால் மறுபடி பெயரை ஏற்றுவாராம். ஆகஸ்டு பதினைந்துக்குள் வராவிட்டால் இந்த வருஷம் இல்லை. நான் எழுதித் தருகிறேன் என்று கெஞ்சியும் ஒத்துக்கொள்ளவில்லை.

மச்சான், கோபப்படாதீர்கள். போன லீவில் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று எத்தனை தடவை கூப்பிட்டுப் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உங்களுக்குத் தெரியாத எதையும் நான் எழுதச் சொல்லவில்லை.

மாரியாத்தா உங்களுக்குத் துணை இருக்கட்டும். ஒரே ஒரு வரிதான். எழுதி அனுப்புங்கள்.

உங்கள்
பாண்டியம்மாள்