விருந்தைக் காட்டிச் சம்பள உயர்வை மறுத்தது குறித்து

அனுப்புநர்:
ஐசக் குவெக்கு எடுவா,
தணிக்கை எழுத்தர்,
கேப் கோஸ்ட், கோல்டு கோஸ்ட்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
தணிக்கை ஊழியர் சம்பள நிர்ணயக் குழு,
அக்ரா.

பொருள்: உள்ளூர்த் தணிக்கை எழுத்தர்களின் சம்பளம், என் மீதான சந்தேகம் ஆகியவற்றை மறுபரிசீலனை செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மற்ற எழுத்தர்கள் கோக்கோ வியாபாரம் செய்கிறார்கள், கடை வைக்கிறார்கள். ஊரார் கணக்கைப் பார்க்கும் எங்களுக்கு அந்த அனுமதி இல்லை. யாரிடமும் ஒரு மீன்கூடச் சும்மா வாங்கக் கூடாது. நியாயம்தான். ஆனால் கையைக் கட்டியவர்கள் வயிற்றுக்கும் வழி செய்ய வேண்டாமா? அதற்காகவே தங்கள் குழு வந்தது என்று நம்பினோம்.

2. என் மேலதிகாரி திரு. பெம்பிரிட்ஜ், குழுவின் முன் எங்களுக்காகப் பேசுவதாக வாக்களித்தார். "நீ கவலைப்படாதே எடுவா, நான் பாத்துக்கறேன்" என்று தோளில் தட்டினார். அந்த வாரமே எனக்கு மகன் பிறந்தான். எட்டாம் நாள் பெயரிடும் சடங்குக்கு அவரை அழைத்தேன்.

3. ஆட்டைக் கொண்டுவந்தவர் என் மனைவி அராபாவின் தாய்மாமன். நாற்காலிகள் தேவாலயத்தினுடையவை. பீங்கான் தட்டுகளைத் தந்த பக்கத்து வீட்டுத் தையல்காரர், "வெள்ளைக்காரத் துரை வர்றாரு, நம்ம தெரு மானம் போயிடக் கூடாதுப்பா" என்றார். துரை பனைப்பழக் குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உண்ணும் விருந்தாளியிடம் இதெல்லாம் இரவல் என்று சொல்வது எங்கள் வழக்கமில்லை.

4. பிறகு அவர் தங்கள் குழுவிடம் கூறியது: உள்ளூர் எழுத்தர் வீட்டில் நானே உண்டேன், அங்கே குறை ஏதுமில்லை, இப்போதைய சம்பளமே தாராளம். உயர்வு மறுக்கப்பட்டது. ரசீது இல்லாமல் ஓர் ஆணி வாங்கிய செலவைக்கூட ஏற்காதவர், என் வீட்டு ஆட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமலே கணக்கை முடித்துவிட்டார்.

5. அதோடு விட்டாரா? சென்ற வாரம் அவரே கையெழுத்திட்டு எனக்கு விளக்கம் கேட்டிருக்கிறார்: இந்தச் சம்பளத்தில் இவ்வளவு பெரிய விருந்து எப்படி நடந்தது, யாரிடம் கை நீட்டினாய்? தகுந்த பதில் தராவிட்டால் வேலை போகும்.

6. என் சம்பளம் அந்த விருந்துக்குப் போதுமென்றால் நான் திருடன் அல்ல. போதாதென்றால் சம்பளத்தை உயர்த்த வேண்டும். இரண்டில் எது உண்மை என்று அவரையே எழுதித் தரச் சொல்லுமாறு வேண்டுகிறேன். மாமன், தையல்காரர், நாற்காலிகளைத் தந்த தேவாலயப் போதகர் மூவரும் சாட்சி சொல்லத் தயார்.

7. பெயரிடும் விடியலில் குழந்தையின் நாவில் நீரையும் மதுவையும் தொட்டு வைத்து, நீரை நீர் என்றும் மதுவை மது என்றும் சொல்லி வாழச் சொல்வோம். அப்படிச் சொல்லித்தான், நன்றிக்கடனாக, என் மகனுக்கு பெம்பிரிட்ஜ் என்று பெயர் வைத்தேன். வைத்த பெயரை நாங்கள் மாற்றுவதில்லை. "இந்தப் பேரை நான் எப்படிங்க வாய் நிறையக் கூப்பிடுவேன்?" என்று அராபா அழுகிறாள்.

இடம்: கேப் கோஸ்ட்
நாள்: 14 மார்ச் 1929

இன்றுவரை அரசு ஊழியனாக உள்ள,
ஐ. கு. எடுவா