பெடல் மேல் அரைச் செங்கல்

சின்னவளின் அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முதுகுவலி குறைந்ததா? அப்பா ஏமாற்றாமல் மாத்திரை போடுகிறாரா?

நேற்று பட்டறைக்கு ஒரு கார் வந்தது. ஓடும்போது முன்விளக்கு பளிச்சென்று எரிகிறது. வண்டி நின்று இன்ஜின் சும்மா ஓடினால் மங்கிவிடுகிறது. வண்டிக்காரர் புது பேட்டரியே போட்டுப் பார்த்துவிட்டாராம்.

நான் முன்னால் நின்று விளக்கைப் பார்க்க, இன்னொருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். நம் வாசலில் அது உன் வேலை. "போதுமாங்க? இன்னும் மிதிக்கவா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவாய். இங்கே ஆளுக்கொரு வண்டி, யாரைக் கூப்பிடுவது? பெடல் மேல் அரைச் செங்கலை வைத்தேன். விளக்கு பிரகாசமானது, எடுத்ததும் மங்கியது. பார்த்தால் மின்சாரம் தரும் டைனமோவைச் சுற்றும் பெல்ட் தளர்ந்திருக்கிறது. இறுக்கியதும் சரியாகிவிட்டது. ஸ்பானர் வழுக்கி விரலில் சின்னக் கீறல், அவ்வளவுதான். கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே.

செங்கல் உன்னைவிட நன்றாகச் சொன்ன பேச்சு கேட்கிறது. வாயைத்தான் திறக்க மாட்டேன் என்கிறது.

கை துடைக்க உன் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்பு. இங்கே தரும் துணி எண்ணெயை இழுப்பதே இல்லை. ஃபோர்மேன் கூப்பிடுகிறார். புடவையைத் துவைக்க வேண்டாம், கட்டியதை அப்படியே மடித்து அனுப்பு.

உன் வீட்டுக்காரன்