கவிழ்த்து வைத்த கார்டு

அனகாபுத்தூர்
13.11.2006

மிகுந்த பிரியமுள்ள அக்காவுக்கு,

ஜெரூஷா எழுதுகிறேன். நல்ல சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுவதால் கோணல் மாணலாக வருகிறது, திட்டாதே. அப்பாவின் குறட்டை நிற்கும்போதெல்லாம் என் பேனாவும் நிற்கிறது.

நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். நீ மாமாவைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து குடும்ப ஜெபத்தில் அப்பா உன் பெயரைச் சொல்வதில்லை. "எங்கள் பிள்ளை ஜெரூஷாவை" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆமென் போட்டுவிடுகிறார். அம்மா ஆமென் சொல்லக் கொஞ்சம் நேரமாகிறது.

உன் கேமரா பரண்மேல் கிறிஸ்துமஸ் நட்சத்திரப் பெட்டிக்குள் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். மழை விட்டதும் விமானங்கள் எல்லாம் கழுவி விட்ட மாதிரி இறங்குகின்றன. ஒவ்வொன்றும் மொட்டை மாடியை உரசிக்கொண்டு போகும்போது நீ படியேறி ஓடி வருவாய் என்று தோன்றுகிறது. அதனால் நானே எடுக்கலாம் என்று நினைக்கிறேன். கூடவே இருக்கிற டப்பாவில் மெமரி கார்டுகள் இருக்கின்றன, எது காலி என்று தெரியவில்லை. பதிலைச் சக்தி வீட்டு விலாசத்துக்குப் போடு. எங்கள் வகுப்பிலேயே எனக்கு அவளைத்தான் ரொம்பப் பிடிக்கும், நம்பலாம்.

உன் தங்கை,
ஜெரூஷா

கேளம்பாக்கம்
17.11.2006

என் செல்ல ஜெரூ,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன், உலையில் சோறு குழைந்துவிட்டது. உன் மாமா தயாளன் அதைக் கஞ்சியாகவே குடித்துவிட்டு எழுந்தார்.

கேமராவைத் தேடி எடுத்தாயே, அதற்கே உனக்கு முத்தம். கட்டின புடவையோடு கிளம்பியதில் அதைத்தான் விட்டுவிட்டு வந்தேன்.

கவனமாகப் படி. டப்பாவில் கவிழ்ந்திருப்பவை நிறைந்த கார்டுகள். எண் தெரிய மல்லாந்திருப்பது காலி. பெரிய கார்டு ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் அதில் போடு என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். நான் கேட்டதில்லை. ஒன்று கெட்டால் ஒரு நாள் படம்தான் போக வேண்டும், ஒரு வருஷம் போகக்கூடாது. வேகமான கார்டாக மட்டும் பார்த்து வாங்குவேன். மெதுவானது முதல் நாலு படத்தை எழுதி முடிப்பதற்குள் விமானம் ஓடுபாதையில் இறங்கியே விட்டிருக்கும். சிவப்பு விளக்கு எரியும்போது கார்டின் கதவைத் திறக்காதே.

பிளாஸ்திரியில் மூன்று என்று எழுதின கார்டைத் தொடவே தொடாதே. மூக்கையே தூக்கித் திறந்து சாமான் ஏற்றுமே, அந்தப் பெரிய சரக்கு விமானம் வந்த நாள் அதில் இருக்கிறது. வேறு எங்கும் பிரதி இல்லை. பெங்களூரில் விமானப் பத்திரிகை ஒன்றில் படம் எடுக்க ஆள் கேட்கிறார்கள். கேமராவில் பதிந்த அசலைத்தான் பார்ப்பார்களாம். அது கிடைத்தால் எனக்கு வேலை கிடைக்கும் ஜெரூ. இங்கே சும்மா உட்கார்ந்திருப்பது பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருக்கிறது.

அக்கா,
ஞானஜோதி

அனகாபுத்தூர்
21.11.2006

அக்கா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்றாம் எண்ணை நான் அழித்துவிட்டேன்.

உன் பதில் வருகிறவரை பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமை காலை டப்பாவைத் திறந்தேன். நம் வீட்டில் கழுவின டம்ளரைத்தானே கவிழ்த்து வைப்போம்? கவிழ்ந்திருந்தால் காலி, நிமிர்ந்திருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்படித்தான் நினைத்தேன். கவிழ்ந்திருந்த ஒன்றை எடுத்துக் கேமராவில் போட்டதும் இடம் இல்லை என்றது. பழைய படமாக இருக்கும், நீ எப்போதோ கம்ப்யூட்டரில் ஏற்றியிருப்பாய் என்று ஃபார்மட் கொடுத்துவிட்டேன். அப்புறம் இறங்குகிற விமானம் ஒன்றைச் சில படம் எடுத்தேன். எதிலும் வால் இல்லை.

திங்கட்கிழமை சக்தி உன் கடிதத்தைக் கொடுத்தாள். கழிப்பறையில் நின்று படித்தேன். அதன்பிறகு டீச்சர் நடத்தின எதுவும் காதில் ஏறவில்லை.

அப்பா இப்போது என் பையைத் திறந்து பார்க்கிறார். ஏன் என்று சொல்வதில்லை. கார்டு ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. என்னிடம் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே அக்கா.

ஜெரூஷா

கேளம்பாக்கம்
25.11.2006

ஜெரூ,

முதலில் எழுதினதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அது உனக்கு வேண்டாம்.

நம் வீட்டு வழக்கம் எனக்கும் தெரிந்ததுதான். எண் கண்ணில் பட்டால் எடுக்கலாம், மறைந்திருந்தால் எடுக்கக்கூடாது என்று நானாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

படங்கள் ஒரேயடியாகப் போய்விடவில்லை. வருகைப் பதிவேட்டைக் கிழித்துவிட்டால் பிள்ளைகள் காணாமல் போய்விடுவார்களா? வகுப்பில்தான் உட்கார்ந்திருப்பார்கள், யார் எங்கே என்றுதான் தெரியாது. ஃபார்மட் அப்படி. ஆனால் புதிதாக ஒரு படம் எடுத்தால் அது யாரோ ஒரு பிள்ளையை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதே. கேமராவிலேயே போடாதே.

உன் மாமாவின் சினேகிதர் ஒருவர் இங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார், மீட்டுப் பார்க்கிறேன் என்கிறார். மாமா சொல்லச் சொன்னது: "பாப்பாவ பேஜாராவ வேணாம்னு எய்து. படம் உள்ளாறதான் கீது." தபாலில் போடாதே, முத்திரை குத்துகிற குத்தில் உடைந்துவிடும். மாமா சக்தி வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வார். பெங்களூர்க்காரர்கள் டிசம்பர் பாதிவரைதான் காத்திருப்பார்களாம்.

பேசாமல் இருப்பேனா? மண்டு.

அக்கா

அனகாபுத்தூர்
5.12.2006

அக்கா,

மாமாவை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. எல்லாம் மாறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா நட்சத்திரம் கட்டப் பரணில் ஏறினார். கேமராவை அதே பெட்டியில் திருப்பி வைத்ததை நான் மறந்தே போயிருந்தேன். கேமராவோடு இறங்கி வந்து என்னைத்தான் பார்த்தார்.

"யாருது இது?"

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். கையைக்கூடத் துடைக்கவில்லை.

"எம் பொண்ணுது."

"எந்தப் பொண்ணு?"

"நமக்கு ரெண்டு பொண்ணுதானே. பெரியவளோடது. நான்தான் அங்க வச்சேன்."

அப்பா கேமராவை பீரோவில் வைத்துப் பூட்டினார். அன்று குடும்ப ஜெபம் நடக்கவில்லை. நினைவு தெரிந்து நம் வீட்டில் அப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

அப்புறம் கிணற்றடியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். கையை நீட்டினார். "அந்தச் சின்னதை என்கிட்ட குடு. வேற யாரும் கொண்டுபோக வேணாம், நானே அவகிட்ட குடுத்துக்கறேன்" என்றார்.

சனிக்கிழமை தாம்பரத்தில் பஸ் மாறி வருவார். அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் வருவாராம். அந்த வழியில் அம்மா வந்ததே இல்லை. பஸ் ஸ்டாண்டில் வந்து நில்.

ஜெரூஷா

அனகாபுத்தூர்
9.12.2006

அக்கா,

அம்மா இப்போது உன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். இங்கே நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

இருட்டினபிறகும் அம்மா வரவில்லை. அப்பா வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். நான் செய்த ரசத்தை ருசி பார்க்காமலே நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு அடி விழுந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

போன் அடித்ததும் அவரே எடுத்தார். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில், "நாளைக்கு எந்த பஸ்ல வர?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார்.

நான் உள்ளே ஓடிவிடலாம் என்று எழுந்தேன். அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"படமெல்லாம் வந்துடுச்சாம். ஒண்ணு மட்டும் பாதிதான் வந்திருக்காம், மீதி சாம்பல் கலர்ல இருக்காம். எல்லாம் வர்ற வரைக்கும் உங்கம்மா கடையவிட்டு எந்திரிக்கலையாம். கடைசி பஸ்ஸ விட்டுட்டா."

நான் தலையை ஆட்டினேன். அந்தப் பாதிப் படத்தை எழுப்பிவிட்டது நான் எடுத்த வால் இல்லாத விமானம்தான் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டேன்.

அப்புறம் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம், நாங்கள் இரண்டே பேர். அப்பா வேதத்தைத் திறந்தார், வாசிக்கவில்லை. ஒரு விமானம் இறங்கியது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சத்தம் அடங்குகிறவரை காத்திருந்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"பெங்களூர்ல வேலைன்னா ஜோதி எங்க தங்குவா?"

எனக்குத் தெரியவில்லை அக்கா. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பதிலை நம் வீட்டு விலாசத்துக்கே எழுது.

ஜெரூஷா