குளியலறையில் வல்லாரை

12 பெப்ரவரி, வியாழன்

மழையும் பனியும் கலந்து. சாமான் வாங்க வசந்தியின் கார். என் மனிசன் செத்தபின் எனக்குக் கார் ஓட ஆளில்லை, இந்த டேனிஷ் ஊர் கிரின்ஸ்டெட்டில் பஸ்ஸை நம்ப முடியாது.

வாங்கியது: கத்தரிக்காய், பயறு, தேங்காய் எண்ணெய், பால்.

முன் சீட்டில் வசந்தியும் அவள் மனிசன் குணம் அண்ணையும். நான் பின்னால். அவள் கார் ஓட, அண்ணை தோடம்பழச் சுளை உரித்து அவள் வாயில் வைக்கிறார். யன்னலால் வெளியே பார்த்தேன்.

"அக்கா, இவருக்குக் காலமை வெந்தயத் தண்ணி. மத்தியானம் சோறு கொஞ்சம், மஞ்சளும் மிளகும் போட்ட கீரை. சீனி கூடினால் மூளையும் பழுதாகுமாம், இதுகள் காக்குமாம். மகள் வாசிச்சுச் சொன்னவள்."

"டொக்டர்?"

"குளிசையை மட்டும் விடாதேங்கோ எண்டவர்."

"தங்கச்சி, இவள் என்னைக் கறிச்சட்டி ஆக்கிப்போட்டாள். வேர்த்தால் சேர்ட்டும் மஞ்சள்" என்றார் அண்ணை. சிரித்தேன், வாயால்.

அண்ணைக்கும் என்னவருக்கும் ஒரே தொழிற்சாலை வேலை, ஒரே வருடம் வந்த சலரோகம், சீனி வருத்தம். என்னவர் கடைசியில் மறதி முற்றி என்னை உதவிக்கு வரும் டேனிஷ்காரி என்று நினைத்து, சாப்பாடு தீத்தினால் "தக்" என்று டேனிஷில் நன்றி சொன்னார். வசந்திக்குத் தோடம்பழம்.

கோப்பை நிறையச் சோறு, சீனித் தேத்தண்ணி. கேட்டதெல்லாம் அவருக்குக் கொடுத்தவள் நான்தான்.

13, வெள்ளி

வசந்தி போன். "அக்கா, உங்கடை வல்லாரையிலை ஒரு வேர் தருவீங்களோ?"

"குளிருக்குச் செத்துப்போச்சு."

சொல்லும்போதே தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். மூன்று சட்டி. அவருக்காக வைத்தது, பிந்தி வைத்தது. அவளுக்கு எல்லாம் இருக்கிறது. இதுவும் வேண்டுமோ?

14, சனி

அவருடைய ஆட்டைத்திவசம், முதல் வருடம். திதி புதன், எல்லாருக்கும் வேலை, அதனால் இன்று. படையல்: சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பயற்றம் பணியாரம், சீனித் தேத்தண்ணி. இனி யார் தடுக்கிறது.

வல்லாரைச் சட்டிகளைக் குளியலறைக்குள் ஒளித்தேன். கை கழுவ எல்லாரும் அங்கேதான் போவார்கள் என்று யோசிக்கவில்லை. வசந்தி வெளியே வந்து மெதுவாக, "செத்ததுகள் குளிச்சு உயிர் பிழைச்சிட்டுதுகள் போலை, அக்கா."

நிலம் பிளந்தால் போயிருப்பேன்.

சாப்பாட்டு நேரம். அவர் படத்துக்கு முன்னால் இருந்துகொண்டு குணம் அண்ணை கேட்டார்: "எங்கை தங்கச்சி அவர்? இன்னும் ஷிப்ட் முடியேல்லையோ?"

வசந்தி எழும்பிக் குசினிக்குள் போனாள். பின்னால் போனேன்.

"மூண்டு மாசமா இப்பிடி, அக்கா. நல்லாக் கதைப்பார், பிறகு ஒண்டும் ஞாபகமில்லை. ஆரிட்டையும் சொல்லேல்லை. அதுதான் வல்லாரை கேட்டனான்."

"இது மாத்தும் எண்டு நினைக்கிறியோ?"

"தெரியாது. சும்மா இருக்க ஏலாது."

மூன்று சட்டியையும் அவள் காரில் நானே ஏற்றினேன். அண்ணை கண்ணாடியை இறக்கி, "அவர் வந்தால் நான் வந்திட்டுப் போனனான் எண்டு சொல்லு" என்றார்.

"ஓம் அண்ணை."

15, ஞாயிறு

வெயில். உடுப்புத் தோய்த்தேன்.

வசந்தியில் எரிச்சல் போய்விட்டது. இப்போது குணம் அண்ணையில். அவர் தலைக்குள் என் மனிசன் வேலைக்குப் போயிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார்.